மீன்வள வாரியத்துக்குப் புதுப் பெயர்: வாக்குரிமை இல்லாதவர் எங்கே பேசுவது?

கேள்வி: பத்து ஆண்டுகளாக அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் குடும்பத்துடன் வசிக்கிறேன். பச்சை அட்டை இருக்கிறது, குடியுரிமை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் கெனாய் ஆற்று முகத்துவாரத்துக்குப் போய், குளிர்காலத்துக்கு வேண்டிய சால்மனை வலை வைத்துப் பிடித்து வருகிறோம். மாநில மீன்வள வாரியத்துக்கு ஆளுநர் புதிதாக ஒருவரை நியமித்திருக்கிறார். அவர் எங்களைப் போன்றவர்களுக்கு எதிரானவர் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மின்கட்டணத்தை முடிவுசெய்யும் ஆணையத்துக்கும் ஒரு புதுப் பெயர் வந்திருக்கிறது. சட்டமன்றம் ஒப்புக்கொண்டால்தான் இவர்கள் பதவியில் நீடிக்க முடியுமாம். வாக்குரிமை இல்லாத நான் இதில் வாய் திறக்கலாமா? திறந்தால் யார் கேட்பார்கள்?

பதில்: திறக்கலாம், கட்டாயம் திறக்க வேண்டும். அலாஸ்கா அரசியல் சாசனத்தின் மூன்றாம் பிரிவு, 26-ஆம் பகுதி இந்த நியமனங்களைப் பற்றியது. ஒழுங்குமுறை அமைப்புகளின் உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்க வேண்டும், சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஒன்றாக அமர்ந்து உறுதிசெய்ய வேண்டும், உறுப்பினர்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. அந்தக் குடியுரிமை நிபந்தனை வாரியத்தில் உட்காருபவருக்குத்தான். அவரைப் பற்றிக் கருத்துச் சொல்ல வருபவருக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. சாட்சியம் சொல்லும்போது உங்கள் பெயர், ஊர், யார் சார்பில் பேசுகிறீர்கள் என்ற மூன்றைத்தான் கேட்பார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த உற்சாகத்தில் யாராவது வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினால் அதில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். பச்சை அட்டைக்காரருக்கு அது பெரிய வினையாக முடியும்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் நினைப்பில் இதை அணுகினால் குழப்பம் வரும். அங்கே 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர் தலைமையில் தேர்வுக் குழு அமைகிறது. அது பெயர்களைப் பரிந்துரைக்கும், அரசு நியமிக்கும். சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு கிடையாது. அலாஸ்காவில் ஆளுநர் தாமே பெயரைச் சொல்கிறார். ஆனால் அந்தப் பெயர் மாநிலத் தலைநகர் ஜூனோவில், சட்டமன்ற உறுப்பினர்கள் 60 பேர் முன்னால் நின்று பிழைக்க வேண்டும்.

அந்த 60 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரதிநிதிகள் 40, செனட்டர்கள் 20. சாசனம் கேட்பது சட்டமன்ற உறுப்பினர்களின் மொத்தத் தொகையில் பெரும்பான்மை. அன்று அவைக்கு வந்தவர்களின் பெரும்பான்மை போதாது. ஆகவே ஒரு பெயர் தேற 31 வாக்கு வேண்டும். வராமல் போனவரின் நாற்காலியும் நியமிக்கப்பட்டவருக்கு எதிராகவே கணக்கில் விழுகிறது. 2015-இல் கெனாய் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் ரஃப்னர் மீன்வள வாரியத்துக்கு நியமிக்கப்பட்டபோது ஆதரவு 29, எதிர்ப்பு 30. அத்துடன் அவர் வெளியே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2013-இல், வின்ஸ் வெப்ஸ்டருக்கும் இதே எண்கள்தாம். 2019-இல், முன்பு வாரியத்தின் தலைவராகவே இருந்த கார்ல் ஜான்ஸ்டன் 24-க்கு 33 என்று தோற்றார். 2021-இல், சால்மன் ஆறுகளின் தலைப்பகுதியில் திட்டமிடப்பட்ட பெபிள் சுரங்கத் திட்டத்தில் பணியாற்றிய ஏப் வில்லியம்ஸை அவை நிராகரித்தது. ஓரிரு வாக்குகளில் விதி மாறும் இடம் இது. உங்கள் தொகுதியின் பிரதிநிதி ஒருவர், செனட்டர் ஒருவர், இந்த இருவரையும் உங்களால் எட்ட முடியும் என்பது சின்ன விஷயமில்லை.

ரஃப்னரின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு அது நேரடியான பதில். அவர் ஆற்றுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றை நடத்தியவர். அவரை எதிர்த்தவர்கள் முன்வைத்த வாதம், காலியான இடம் பொழுதுபோக்குத் தூண்டிலாளர்களுக்கு உரியது, அவர்களில் ஒருவரைத்தான் போட வேண்டும் என்பது. சட்டத்தில் அப்படி ஓர் இட ஒதுக்கீடே இல்லை. ஏழு உறுப்பினர்கள், மூன்றாண்டுப் பதவிக்காலம். பொதுக் காரியங்களில் ஈடுபாடு, நல்ல முடிவெடுக்கும் திறன், துறை அறிவு இவற்றைப் பார்த்து நியமிக்க வேண்டும். பலவகை நலன்களும் பார்வைகளும் வாரியத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கட்சியையோ வசிக்கும் ஊரையோ பார்க்கக் கூடாது. சட்டம் சொல்வது இவ்வளவுதான். வணிக மீனவருக்கு இத்தனை, தூண்டிலுக்கு இத்தனை என்பது பழக்கத்தில் ஊறிப்போன கணக்கு. அந்தக் கணக்குக்கு ஒரு நல்ல மனிதரைப் பலிகொடுத்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். அடுத்த ஆண்டு ஆளுநர் பில் வாக்கர் அவரையே மறுபடி நியமித்தார், பிறகு உறுதியும் கிடைத்தது. ஆகவே ‘அவர் நம் ஆளா, அவர்கள் ஆளா’ என்ற கேள்வியோடு மட்டும் போகாதீர்கள். சட்டம் கேட்கும் தகுதிகளை வைத்துப் பேசினால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

எங்கே பேசுவது? ஆளுநருக்கு இப்போது எழுதிப் பயனில்லை, அவர் தேர்வை முடித்துவிட்டார். பெயர் சட்டமன்றத்துக்கு வந்ததும் தலைவர்கள் அதைக் குழுக்களுக்கு அனுப்புவார்கள். மீன்வள வாரியப் பெயர்கள் பெரும்பாலும் பிரதிநிதிகள் அவையின் மீன்வளச் சிறப்புக் குழுவுக்கும் இரு அவைகளின் இயற்கை வளக் குழுக்களுக்கும் போகும். மின்கட்டண ஆணையத்தின் பெயர் தொழிலாளர், வணிகக் குழுக்களுக்குப் போகும். உங்கள் வாய்ப்பு அந்தக் குழு விசாரணையில்தான். விசாரணை முடிந்ததும் உறுப்பினர்கள் அறிக்கையில் கையெழுத்திடுவார்கள். இந்தக் கையெழுத்து ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்கும் எண்ணத்தைக் காட்டாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். குழுவால் பெயரைக் கொல்லவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது. ஆனால் அங்கே பதிவாகும் கேள்விகளும் பதில்களும்தான் பிறகு கூட்டு அமர்வில் கைக்கு ஆயுதமாகின்றன.

ஜூனோவுக்குச் சாலை கிடையாது. விமானத்திலோ கப்பலிலோதான் போக முடியும். அதனால்தான் அலாஸ்கா சட்டமன்றம் ஊர் ஊராகத் தகவல் அலுவலகங்களை வைத்திருக்கிறது. ஆங்கரேஜிலும் உண்டு, கெனாயிலும் உண்டு. அங்கே போய் உட்கார்ந்தும் பேசலாம், வீட்டிலிருந்து தொலைபேசியிலும் பேசலாம். வழக்கமாக இரண்டு, மூன்று நிமிடம் தருவார்கள். ஒரு வசந்த காலத்தில் அப்படி ஒரு விசாரணையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சங்கங்களின் சார்பில் பேசியவர்கள் வரிசையாக எழுதி வைத்ததை வாசித்தார்கள். பிறகு வயதான ஓர் அம்மையாரின் குரல் தொலைபேசியில் வந்தது. தன் வீட்டுக் குளிர்பெட்டியில் சென்ற ஆண்டு எத்தனை பொட்டலம் சால்மன் இருந்தது, இந்த ஆண்டு பிப்ரவரியில் எத்தனை மிச்சம் என்று மட்டும் சொன்னார். பிறகு, நியமிக்கப்பட்டவர் அந்த ஆற்றுக்கு எப்போதாவது வந்திருக்கிறாரா என்று கேட்டு முடித்துக்கொண்டார். உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து அவரிடம் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். வரிசையாக வாசித்தவர்கள் யாரிடமும் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

உங்களிடமும் அதைப் போல ஒன்று இருக்கிறது. கெனாய் முகத்துவாரத்தில் ஜூலை 10 முதல் 31 வரை, அலாஸ்காவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் அனுமதியுள்ள வலைப்பிடிப்பு அது. குடும்பத் தலைவருக்கு 25, கூடுதலாக ஒவ்வொருவருக்கும் 10. நால்வர் குடும்பம் என்றால் 55 மீன். இடுப்பளவு பனித்தண்ணீரில், மார்புவரை ஏறும் ரப்பர் உடுப்போடு, நீண்ட பிடியுள்ள வளைய வலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. சாக்கை சால்மன் வந்து முட்டினால் கைப்பிடி மணிக்கட்டுவரை அதிரும். அதைச் சொல்லுங்கள், 55 மீன் உங்கள் வீட்டில் எத்தனை மாதச் சமையல் என்று சொல்லுங்கள். பிறகு கேள்வியை வையுங்கள்.

கேள்வி என்றால் என்ன கேட்பது? நான் முதலில் கேட்பது, நியமிக்கப்பட்டவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் எந்தெந்த மீன்பிடி உரிமங்கள் இருக்கின்றன என்பது. பணநலன் உள்ள விஷயத்தில் வாரிய உறுப்பினர் அதை வெளிப்படையாகச் சொல்லி, வாக்களிக்காமல் விலகி நிற்க வேண்டும். ஏழு பேரில் ஒருவர் விலகினால் ஆறு பேர்தான் முடிவெடுக்கிறார்கள். கெனாய் ஆறு கலக்கும் குக் இன்லெட் கடற்கழியின் விவகாரங்கள் மூன்றாண்டுக்கு ஒரு முறைதான் வாரியத்தின் முன் முழுமையாக வருகின்றன. அந்தக் கூட்டத்தில் அவரால் எத்தனை தீர்மானங்களில் வாக்களிக்க முடியும் என்பது நியாயமான கேள்வி. அடுத்து, கெனாய் கிங் சால்மன் குறைந்துகொண்டே போவதால் 2023-இல் அதன் கிழக்குக் கரையில் நிலையாக வலை கட்டிப் பிடிக்கும் வணிக மீனவர்களின் பருவம் முழுவதுமே மூடப்பட்டது. அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். இந்தச் சுமையை யார் யார் எப்படிப் பகிர வேண்டும் என்று அவர் நினைக்கிறார் என்று கேளுங்கள். ‘எங்கள் மீனைத் தொடாதே’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

விசாரணைக்குப் பிறகு உங்கள் செனட்டருக்கும் பிரதிநிதிக்கும் தனித்தனியாக எழுதுங்கள். கூட்டு அமர்வில் பெயர்கள் வரிசையாக வாசிக்கப்படும். யாரும் ஆட்சேபிக்காத பெயர் அப்படியே கடந்து போய்விடும். ஆட்சேபம் எழுந்தால்தான் வாக்கெடுப்பு. எதிர்ப்பு உங்கள் எண்ணம் என்றால், ‘எதிர்த்து வாக்களியுங்கள்’ என்பதற்கு முன்னால் ‘ஆட்சேபம் தெரிவித்து வாக்கெடுப்பு கேளுங்கள்’ என்று எழுதுங்கள். ஆதரவு என்றால், அன்று அவையில் இருக்கச் சொல்லுங்கள். அமர்வு பெரும்பாலும் ஏப்ரலிலோ மே மாதத்திலோ நடக்கும்.

சட்டமன்றம் கூடாமலே விட்டால் பெயர் தானாக விழுந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020-இல் தொற்றுக் காலத்தில் கூட்டு அமர்வு நடக்கவில்லை. நடவடிக்கை எடுக்காததையே நிராகரிப்பாகக் கொள்ளும் சட்டம் இருந்தது. ஆளுநர் மைக் டன்லீவி தம் நியமனங்களை விட்டுக்கொடுக்கவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. மௌனத்தை நிராகரிப்பாக்கும் சட்டம் சாசனத்துக்கு முரணானது, இரு அவைகளும் கூடி முடிவெடுத்தாக வேண்டும் என்று 2021-இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறுதிசெய்வதற்கு முன்பே நியமிக்கப்பட்டவர் பதவியின் அதிகாரங்களைச் செலுத்தலாம் என்பதையும் மறக்காதீர்கள். ‘இன்னும் உறுதியாகவில்லையே’ என்று ஆறப்போட இடமில்லை.

மின்கட்டணத்துக்கு வருவோம். அலாஸ்கா ஒழுங்குமுறை ஆணையத்தில் ஐந்து பேர், ஆறாண்டுப் பதவிக்காலம். மீன்வள வாரியத்தைப் போல அவ்வப்போது கூடிக் கலைவது இல்லை, முழுநேர உத்தியோகம். இங்கே சட்டமே தகுதியைக் கேட்கிறது: வழக்கறிஞர் பதிவு, அல்லது பொறியியல், நிதி, பொருளாதாரம், கணக்கியல், நிர்வாகம் போன்ற படிப்பு, இல்லாவிட்டால் அந்தத் துறைகளில் ஐந்தாண்டு அனுபவம். 2020-இல் உங்கள் நகராட்சியின் மின்நிறுவனத்தைச் சுகாச் மின் கூட்டுறவு நிறுவனம் வாங்குவதற்கு ஒப்புதல் தந்தது இந்த ஆணையம்தான். குக் இன்லெட் எரிவாயு வற்றிவரும் இந்த நேரத்தில், புதிய ஒப்பந்தங்களின் விலை உங்கள் பில்லில் எப்படி ஏறும் என்பதும் இங்கேதான் முடிவாகிறது.

இவர்கள் நீதிபதிகளைப் போல வழக்குகளைக் கேட்டு முடிவெடுப்பவர்கள். ஆகவே ‘இந்தக் கட்டண உயர்வை எதிர்ப்பீர்களா’ என்று விசாரணையில் கேட்கக் கூடாது, கேட்டாலும் நல்ல ஆணையர் பதில் சொல்ல மாட்டார். முன்பு எந்த நிறுவனங்களுக்காக வேலை செய்தார், எவற்றிலிருந்து விலகி நிற்க வேண்டியிருக்கும், ஒரு கட்டண மனுவின் கணக்கைப் படிக்கத் தெரியுமா என்று கேளுங்கள். அவர் பதவியேற்ற பிறகு நடப்பு வழக்கைப் பற்றி அவருக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். அந்த வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, பொதுமக்கள் கருத்தாக ஆணையத்தில் பதிவு செய்யுங்கள்.

உங்கள் நண்பர்கள் அஞ்சும் நபருக்கு 31 வாக்கு கிடைத்தே விட்டாலும் கதவு சாத்தப்படவில்லை. மீன்பிடி விதியை மாற்றக் கோரும் முன்மொழிவை யார் வேண்டுமானாலும் வாரியத்துக்கு எழுதலாம், அதற்கும் குடியுரிமை தேவையில்லை. மாநிலமெங்கும் 84 உள்ளூர் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன, ஆங்கரேஜிலும் ஒன்று உண்டு. அந்தக் கூட்டங்களுக்கு இந்தக் குளிர்காலமே போகத் தொடங்குங்கள். வாரியம் உங்கள் ஆற்றைப் பற்றிப் பேச உட்காரும்போது அந்தப் புதிய உறுப்பினரின் முன்னால் உங்களுக்கும் மூன்று நிமிடம் கிடைக்கும்.