தாள் முழுதும் காயும் வரை பூண்டை மண்ணில் விட்டுவைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில், வீட்டின் பின்புறம் அரை சென்ட் நிலத்தில் காய்கறி வளர்த்து வருகிறேன். சென்ற ஐப்பசியில் மளிகைக் கடையில் வாங்கிய பூண்டைப் பிரித்து, சிறிதும் பெரிதுமாக எல்லாப் பற்களையும் நட்டேன். தாள் செழிப்பாக வளர்ந்தது. மூன்றாம் மாதம் யூரியா இட்டேன். தாள் முழுதும் காய்ந்த பிறகே அறுவடை செய்ய வேண்டும் என்று எண்ணிப் பங்குனிப் பாதி வரை தண்ணீர் விட்டு வைத்திருந்தேன். பிடுங்கியபோது கால் பங்கு ஒற்றைப் பல்லாக இருந்தது. மற்றவற்றில் பல தோல் கிழிந்து, பற்கள் பிரிந்து வந்தன. கூடையில் கொட்டி வைத்தவை இரண்டே மாதத்தில் அழுகத் தொடங்கின. என் தவறு எங்கே?

பதில்: உங்கள் பூண்டு விளையாமல் போகவில்லை, விளைந்த பிறகே கெட்டிருக்கிறது. ஒற்றைப் பல் தவிர, நீங்கள் எழுதியுள்ள பெரும்பாலான இழப்புக்கு அறுவடை தாமதமானதே முதற்காரணம் என்பதால், அதை முதலில் சொல்கிறேன்.

வெங்காயத்தைப் போலப் பூண்டையும் தாள் முழுதும் காய்ந்து சாயும் வரை விட்டுவைப்பது பலரிடமும் உள்ள பழக்கம். ஆனால் பூண்டைச் சுற்றியுள்ள வெள்ளைத் தோல் ஒவ்வொன்றும் ஒரு தாளின் அடிப்பகுதியே ஆகும். மேலே ஒரு தாள் காயும்போது, கீழே அந்தத் தாளுக்குரிய தோலும் வலுவிழந்து, ஈரமண்ணில் மக்கிவிடுகிறது. பத்துத் தாளும் காய்ந்த செடியில் பற்களைச் சேர்த்துப் பிடிக்க நல்ல தோல் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. உள்ளே பருத்த பற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிகின்றன. ஆகவே அடித்தாள்கள் மூன்று நான்கு காய்ந்து, மேலே ஐந்தாறு தாள்கள் இன்னும் பச்சையாக இருக்கும்போதே அறுவடையைத் தொடங்க வேண்டும்.

நாட்கணக்கு வழிகாட்டுமே தவிர, அதை மட்டும் நம்பக் கூடாது. உதகை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஊட்டி 1 இரகத்தின் வயது 120 முதல் 130 நாட்கள். ஐப்பசிப் பிற்பாதியில் நட்ட பயிர் மாசிக் கடைசியில் முதிர்ந்துவிடும் என்று இதைக் கொண்டு கணக்கிடலாம். 110 நாள் கடந்ததும் பாத்தியின் இரண்டு மூன்று இடங்களில் ஒவ்வொரு செடியைத் தோண்டி எடுத்து, பூண்டைக் கத்தியால் குறுக்காக வெட்டிப் பாருங்கள். பற்கள் நடுத்தண்டைவிட்டுச் சற்றே விலகி, தோல் இடைவெளியின்றி நிரம்பியிருந்தால் அதுவே பருவம். பற்களின் எல்லை தெளியாமல் வெண்ணிறத் திரளாகத் தெரிந்தால் ஒரு வாரம் பொறுக்கலாம். வெட்டியது வீணாகாது, இளம்பூண்டு குழம்புக்கு மிகவும் ருசியாக இருக்கும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, அறுவடைக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். நீங்கள் கடைசி வரை பாய்ச்சியதால் தோல் அழுகியதோடு, பற்களில் ஈரம் தங்கி, கூடையிலும் அழுகல் தொடர்ந்திருக்கிறது. மூன்றாம் மாதத்து யூரியாவும் சேர்ந்தே கெடுத்திருக்கிறது. தழைச்சத்து பிந்திக் கிடைத்தால், பருக்க வேண்டிய நேரத்தில் செடி மீண்டும் தாள் விடும். பூண்டும் தாளும் சேரும் கழுத்து தடித்து, காயாமல் நின்றுவிடும். அத்தகைய பூண்டு இருப்பில் நிற்காது. நட்ட 45-ஆம் நாள், சதுர மீட்டருக்கு எட்டு கிராம் யூரியா மட்டும் மேலுரமாக இட்டால் போதும். அதன் பிறகு யூரியாவைத் தொட வேண்டாம்.

இனி ஒற்றைப் பல். பூண்டு பல்லாகப் பிரிய அதற்குக் குளிர் வேண்டும். கோத்தகிரியில் மார்கழி, தை மாதக் குளிர் அதற்குப் போதுமானது. எனவே உங்கள் தோட்டத்தில் குறை விதையில்தான் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். நடுவிலிருந்து எடுத்த மெல்லிய சிறு பற்களை நட்டால், அவற்றில் உள்ள உணவுச்சத்து செடியைத் தாங்காமல், பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே முடிந்துவிடும். மேலும் மளிகைக் கடைக்கு வரும் பூண்டில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் விளைந்தது. அது மலைக்கு ஏற்றதா என்பதையோ, அதனுடன் நச்சுயிரியும் அழுகல் நோயும் வருகின்றனவா என்பதையோ கண்ணால் பார்த்து அறிய முடியாது. உங்கள் வட்டாரத்தில் விளைந்த ஊட்டி 1 அல்லது உள்ளூர் மலைப்பூண்டை விதையாக வாங்குங்கள். வெளிச்சுற்றில் உள்ள தடித்த பற்களை மட்டும் நடுவதற்கு ஒதுக்கி, சிறியவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நடும் நாளன்றே பல்லைப் பிரியுங்கள். பல்லின் தோலை உரிக்கக் கூடாது.

நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்பு மண் என்பதால், மண் பரிசோதனை செய்து அதன்படி சுண்ணாம்பு இடுவது நல்லது. சதுர மீட்டருக்கு நன்கு மக்கிய தொழுவுரம் ஐந்து கிலோவும், வேப்பம் புண்ணாக்கு 100 கிராமும் அடியுரமாகக் கலந்து மேட்டுப்பாத்தி அமையுங்கள். வரிசைக்கு 15 சென்டிமீட்டர், பல்லுக்குப் பல் 10 சென்டிமீட்டர் இடைவெளியில், கூர்முனை மேலே இருக்கும்படி, பல்லின் மேல் இரண்டு விரல் கன அளவுக்கு மண் மூடுமாறு ஊன்றுங்கள். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 66 பற்கள் பிடிக்கும். பூண்டின் வேர் மேலாகவே படர்வதால் களைக்கொத்தை ஆழமாகப் போடாமல் கையால் களை பறிப்பதே பாதுகாப்பு. தாளின் இடுக்கில் வெள்ளிக் கோடுகள் தெரிந்தால் இலைப்பேன் வந்திருக்கிறது என்று பொருள். வேப்பெண்ணெய்க் கரைசலை இடுக்கில் படும்படி தெளியுங்கள்.

அறுவடையின்போது தாளைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாட்டில் மண்ணைக் கிளறித் தளர்த்திவிட்டு எடுங்கள். மண்ணை உதிர்ப்பதற்காகப் பூண்டை ஒன்றோடொன்று தட்டினால் உள்ளே கன்றிப்போன இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும். தண்ணீரில் கழுவவும் கூடாது. தாளோடு பதினைந்து இருபது பூண்டுகளை ஒரு பிடியாகக் கட்டி, வெயிலும் மழையும் படாமல் காற்றோட்டம் உள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட வேண்டும். கழுத்தை விரலால் அழுத்தும்போது ஈரம் தெரியாமல் காகிதம் போலச் சலசலக்க வேண்டும். அதன் பிறகே தாளை நறுக்கலாம். மலைக் கிராமங்களில் விறகடுப்பின் புகை படும் இடத்தில் பூண்டுக் கட்டுகளைத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. உங்கள் வீட்டில் விறகடுப்பு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், ஈரம் வாங்காமல் இருக்க அது மிகவும் உதவும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அந்தக் குளிரே முளையைத் தூண்டிவிடும்.

இந்த முறை நீங்கள் நட்ட பாத்தியில் விளைந்த பூண்டில் அழுகல் தென்பட்டுள்ளதால், அதே இடத்தில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் பூண்டும் வெங்காயமும் வேண்டாம். பீன்ஸ் அல்லது கேரட் போடுங்கள். கையில் மிஞ்சியுள்ள பூண்டிலிருந்து விதை எடுக்காதீர்கள். ஆனி மாதத்திலும் மலையில் நடலாம் என்றாலும், மழையில் அழுகல் மிகும் என்பதால், புதிய விதையை வாங்கி வரும் ஐப்பசியில் வேறு பாத்தியில் ஊன்றுவதையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.