வெயிலில் கால் இழுக்கிறது, வருத்தம் திரும்பிவிட்டதா?

கேள்வி: எனக்கு 34 வயது, இடம் முரசுமோட்டை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு வருத்தத்துக்குக் குளிசை போடுகிறேன். சிறுபோக வயலில் நின்றுவிட்டு வந்தால் இடது கால் இழுக்கிறது, கண் மங்குகிறது. வருத்தம் திரும்பிவிட்டதோ என்று இரவில் நித்திரை இல்லை. அவர் உடனே யாழ்ப்பாணம் போவோம் என்கிறார். மாமி வெயில் பட்டதுதான் என்கிறா. எதை நம்புவது?

பதில்: தங்கச்சி, நிழலில் இருந்து, கிணற்றில் குளித்து உடம்பு ஆறின பிறகு கால் பழையபடி வந்துவிடுகிறதா? அதை நீங்கள் எழுதவில்லை. வந்துவிடுகிறது என்றால் மாமி சொல்வது சரி. இந்த வருத்தத்தில் நரம்பின் மேலுறை பழுதுபட்டிருக்கும். உடம்புச் சூடு அரைப் பாகை ஏறினாலே அந்த நரம்பால் செய்தி போவது தடைப்படும். ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் 1890இலேயே இதை எழுதிவைத்தார். பார்க்கப் பயமாக இருந்தாலும் இதனால் புதுக் காயம் வராது.

உண்மையாகத் திரும்பி வருவது நிழலுக்கு அடங்காது. புதிதாக ஒன்று வரும், அல்லது பழையது கூடும். 24 மணித்தியாலம் கடந்தும் நிற்கும். அப்போது அவர் சொல்வதுபோலப் போகத்தான் வேண்டும். நடக்கவே முடியாமல் போனாலோ, ஒரு கண்ணில் பார்வை சட்டென்று குறைந்தாலோ அவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டாம்.

நான் கேட்க விரும்புவது இன்னொன்று. வயலில் தண்ணீர் குடிக்கிறீர்களா? மறைவிடம் இல்லையென்று எங்கள் பெண்கள் விடிய வெளிக்கிட்டு, திரும்பி வரும்வரை ஒரு மிடறும் குடிக்காமல், சலத்தையும் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். தாதியாக இருந்த காலம் முழுக்க இதைக் கண்டு கவலைப்பட்டிருக்கிறேன். உங்களுக்கு அது கூடவே கூடாது. சலத்தில் கிருமி தொற்றினால் கால் சோரும், வருத்தம் திரும்பினது போலவே இருக்கும். எரிவோ காய்ச்சலோ இல்லாமலும் தொற்று இருக்கலாம். வருத்தம் உண்மையாகத் திரும்பினால் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்தை ஏற்ற முன் சலத்தைச் சோதிப்பது அதற்காகத்தான். தொற்று இருக்கும்போது அந்த மருந்தை ஏற்றினால் தொற்று இன்னும் கூடிவிடும். இந்தச் சோதனையைக் கிளிநொச்சியிலேயே செய்யலாம்.

வயலை விடச் சொல்ல மாட்டேன். குளித்துவிட்டு வெளிக்கிடுங்கள், ஈரத் துவாயைக் கழுத்தில் போடுங்கள், வெயில் ஏற முன் திரும்புங்கள். சுகமாக இருக்கிறது என்று குளிசையை நீங்களாக நிற்பாட்ட வேண்டாம். இந்த வருத்தத்துக்கான சில மருந்துகளைச் சடுதியாக விட்டால் முன்னிலும் மோசமாகத் திரும்பும். கால் இழுக்கத் தொடங்கின நேரத்தையும் ஆறின நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரவில் பயம் வந்தால், போன முறை எத்தனை மணிக்கு ஆறினது என்று அதில் பார்க்கலாம். அடுத்த கிளினிக்குக்கும் அதைக் கொண்டுபோங்கள்.