துப்பாக்கிக் கடை லைசென்ஸ்: உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை முக்கால்வாசி பேரு கடை வைக்கிறது பத்தி தான் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி கேள்விகளை சேர்த்துட்டேன்.

கே: என்கிட்ட ஏற்கனவே ரிவால்வர் லைசென்ஸ் இருக்கு, அதை வச்சே கடை ஆரம்பிக்கலாமா? (சேலம்)

ப: முடியாது. உங்க கையில இருக்கறது 1959 ஆயுதச் சட்டத்துல 3வது செக்‌ஷன், சொந்தத்துக்கு வச்சுக்கறதுக்கு. விக்கிறது, ரிப்பேர் பண்றது, விக்கறதுக்காக ஷோகேஸ்ல அடுக்கறது எல்லாமே 5வது செக்‌ஷன், அதுக்கு லைசென்ஸ் தனி. அது இல்லாம வியாபாரம் பண்ணி மாட்டினா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சபட்சமே 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகும்.

கே: அப்போ என் சொந்த துப்பாக்கியை விக்கவும் கடை லைசென்ஸ் வேணுமா? (திருச்சி)

ப: வேண்டாம். வாங்கறவருக்கு லைசென்ஸ் இருக்கணும், நீங்க கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்துல சொல்லி 45 நாள் போகணும். எழுதிக் கொடுத்ததுக்கு அத்தாட்சி வாங்கி வைங்க.

கே: அப்பா கடை 30 வருஷமா நடக்குது. அப்பா போன மாசம் தவறிட்டாரு. கடையை நான் தான் பாத்துக்கறேன், லைசென்ஸ்ல பேரை மட்டும் எப்படி மாத்தறது? (கோவை)

ப: தம்பி, மொதல்ல கடையை பூட்டுங்க. எத்தனை தடவை எழுதிட்டேன், லைசென்ஸ் ஆளுக்கு கொடுக்கறது, வீடு நிலம் மாதிரி வாரிசுக்கு வர்ற சொத்து இல்ல. அப்பா போன அன்னிக்கே அந்த லைசென்ஸ்ல வியாபாரம் பண்ற உரிமையும் போச்சு, அதுக்கப்புறம் நீங்க வித்த ஒவ்வொரு தோட்டாவும் லைசென்ஸ் இல்லாம வித்தது தான், ஒரு மாசமா நீங்க இதை பண்ணிட்டு இப்போ வந்து பேர் மாத்தறது எப்படின்னு கேக்கறீங்க. பேர் மாத்தம்னு ஒண்ணு கிடையாது, உங்க பேர்ல புதுசா தான் அப்ளை பண்ணணும், போலீஸ் ரிப்போர்ட்டும் உங்களை பத்தி புதுசா தான் வரணும். ஸ்டாக்கை தாமதிக்காம ஸ்டேஷன்லயோ வேற லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைங்க, 21வது செக்‌ஷன் அதை தான் சொல்லுது. எலக்‌ஷன் நேரத்துல ஜனங்க டெபாசிட் பண்ணிட்டு திரும்பி எடுக்காத துப்பாக்கி ஏதாவது உள்ள இருக்கான்னு பாருங்க, அது அடுத்தவங்க பொருள், ஸ்டாக் கணக்கோட கலக்கவே கூடாது. ரெஜிஸ்டரை எடுத்து இருப்பையும் நம்பரையும் ஒண்ணொண்ணா ஒத்துப் பாருங்க. ஒண்ணு குறைஞ்சாலும் மறைக்காதீங்க, எழுதிக் கொடுத்துடுங்க. இன்னிக்கே வக்கீலையும் பாருங்க. நல்லா நடந்த பழைய கடைங்க பல இப்படி பசங்க அசட்டையில தான் மூடிப் போச்சு, எனக்கு வயிறு எரியுது.

கே: கஸ்டமர்கிட்ட ஏற்கனவே ரெண்டு இருக்கு, மூணாவது கேக்கறாரு. (வேலூர்)

ப: கொடுக்காதீங்க. 2019ல மூணை ரெண்டா குறைச்சாச்சு. ஸ்போர்ட்ஸ் ஷூட்டர்னா தனி விதி, அவர் பேப்பரை பாருங்க. வர்றவரு யாரா இருந்தாலும் லைசென்ஸ்ல யுஐஎன் நம்பர், அதாவது லைசென்ஸ்காரருக்கு தர்ற தனி அடையாள எண், இருக்கான்னு பாத்துட்டு தான் மேற்கொண்டு பேசணும். வித்த உடனே ரெஜிஸ்டர், சாயந்திரம் எழுதிக்கலாம்னு விடாதீங்க.

கே: ரிப்பேர் மட்டும் பண்றேன், குழலை கொஞ்சம் வெட்டி சின்னதாக்கி தரச் சொல்றாங்க. (நெல்லை)

ப: தொடவே தொடாதீங்க. அது 6வது செக்‌ஷன், அதுக்கு லைசென்ஸ் வேற.

கே: ஏர்கன் வாங்க வர்றவங்ககிட்ட லைசென்ஸ் கேக்கணுமா? (ஓசூர்)

ப: குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூல், குழலோட உள்விட்டம் 4.5 எம்எம், இந்த ரெண்டுல எதை தாண்டினாலும் லைசென்ஸ் கேளுங்க. தாண்டலைன்னாலும் ஐடி, அட்ரஸ் ப்ரூஃப் வாங்கிட்டு எழுதி வைங்க.

கே: ஒரு புரோக்கர் சில லட்சம் கொடுத்தா மூணே மாசத்துல டீலர் லைசென்ஸ்னு சொல்றாரு. (சென்னை)

ப: ஒரு ரூபா கொடுக்காதீங்க. போலீஸ் ரிப்போர்ட்டை அவரால வாங்கித் தர முடியாது.

கே: அப்ளிகேஷனை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, காரணம் சொல்லல, என்ன செய்யலாம்?

ப: ஊரும் எழுதல, ஆர்டர் தேதியும் எழுதல, இப்படி கேட்டா நான் எதை பாத்து சொல்றது? பொதுவா சொல்றேன், காரணத்தை எழுத்துல கேட்டு மனு போடுங்க, 14வது செக்‌ஷன்படி பொது நலன் கருதி காரணம் சொல்ல மறுத்தா தவிர கொடுத்தே ஆகணும். 18வது செக்‌ஷன்ல அப்பீல் உண்டு, ஆனா அதுக்கு காலக்கெடு இருக்கு. ஆர்டர் காப்பியோட மறுபடி எழுதுங்க.