கடைசிப் பாரம் இல்லாத நாவல்

கேள்வி: எனக்கு 57 வயதாகிறது. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன், கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூட நாளிலிருந்து நாவல் என்று கையில் கிடைத்த எதையும் விட்டதில்லை. துப்பறியும் கதை, குடும்பக் கதை, ராஜா கதை, வங்காளத்திலிருந்து வந்தவை என்று எல்லாம் படிப்பேன். முடித்தவுடன் மனத்தில் பட்டதை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு முறை ஒரு வீட்டுத் தார்சாவில் கூடி, படித்ததைப் பேசுகிறோம். போன மாதம் நான் ஒரு துப்பறியும் நாவலைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், “அதெல்லாம் பஸ்ஸில் படித்துவிட்டு சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்க வேண்டிய புத்தகம், அம்மா” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நோட்டைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. இலக்கியத்துக்கு ஒன்று, பொழுதுபோக்குக்கு ஒன்று என இரண்டு நோட்டு போடட்டுமா? நான் எழுதுவதெல்லாம் எங்கள் வீட்டுக் கதையாகவே போய்விடுகிறது. அதற்கு நாவலைப் பற்றிய கருத்து என்று பெயர் சொல்லலாமா? பெரிய நாவல்கள் என்கிறார்களே, அவற்றில் சிலவற்றைப் பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டிலிருந்து மூன்று பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: சகோதரி அவர்களுக்கு, இரண்டாவது நோட்டு வாங்க வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் நான் கல்லூரியில் படித்த நாள்களில், வாடகை நூல் நிலையம் ஒன்றிலிருந்து ஒரு துப்பறியும் நாவலை எடுத்து வந்தேன். இரவு பதினொரு மணிக்கு, துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, “உங்களில் ஒருவர்” என்று தொடங்குகிற இடத்தில் புத்தகம் முடிந்துவிட்டது. பைண்டு செய்தவர் கடைசிப் பாரத்தை, அதாவது கடைசிப் பக்கங்கள் அச்சான தாளை, சேர்க்காமலே தைத்து அட்டை போட்டிருந்தார். மறுநாள் கொண்டுபோய்க் காட்டியதற்கு, “வரும்போதே அப்படித்தான் இருந்தது, தம்பி” என்று சொல்லி வாடகையை வாங்கிக்கொண்டார்கள். கொலைகாரன் யாரென்று தெரியாத ஆத்திரத்தில் அதே புத்தகத்தை மறுபடி எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முதல் முறை கதையோடு ஓடியவன், இந்த முறை மெல்ல நடந்தேன். மழை பெய்யாத ஊரிலிருந்து வந்ததாகச் சொல்கிற டிரைவரின் குடை இரண்டாம் அத்தியாயத்தில் ஈரமாக வாசலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் அதை ஒளிக்கவில்லை. நம் கண் முன்னால் வைத்துவிட்டு வேறு எதையோ பேசிக்கொண்டு போயிருந்தார். துப்பறியும் நாவலில் எது நேர்மை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கடைசிப் பாரம் இருந்திருந்தால் நானும் உங்கள் தமிழாசிரியர் சொன்னபடி அதைப் பஸ் சீட்டிலேயே விட்டிருப்பேன். (டிரைவர்தான் கொலைகாரனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.)

இதற்கு நேர் எதிரான ஒரு நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண்ணிலிருந்து வந்த பூமணியின் ‘வெக்கை’ 1982-ல் வெளிவந்தது. அதில் கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. செய்தவன் பதினைந்து வயதுப் பையன் என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது. ஒளிப்பதற்கு எதுவுமே இல்லை. அதற்குப் பிறகு தகப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் மறைந்து திரிவதும், கிடைத்ததைப் பொங்கித் தின்பதும், பழைய பேச்சைப் பேசிக்கொண்டு கிடப்பதும்தான் கதை. ஒன்றில் யார் செய்தது என்ற கேள்வி நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. மற்றதில் செய்தாயிற்று, இனி என்ன என்ற கேள்வி கூடவே நடந்து வருகிறது. இரண்டையும் ஒரே நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதி வைத்திருக்கும் ஒருவருக்கு, ஒரு கொலையை நாவலாசிரியர் எத்தனை விதமாகப் பார்க்கலாம் என்பது தானாகவே தெரிய வரும். இரண்டு நோட்டாகப் பிரித்தால் அந்தப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கவே போவதில்லை. தமிழாசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், 1879-ல் முதல் தமிழ் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து அரை நூற்றாண்டு ஆவதற்குள்ளேயே, ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய மர்ம நாவல்களைத் தமிழர்கள் விரும்பிப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று மட்டும் மரியாதையாகச் சொல்லுங்கள்.

ராஜா கதைகளையும் அவை எப்படி வந்தனவோ அப்படி வைத்துத்தான் பார்க்க வேண்டும். என் சித்தி வீட்டில் ‘பொன்னியின் செல்வன்’ பைண்டு செய்யப்பட்டு இருந்தது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தது; ஓவியர் மணியத்தின் படத்துக்குப் பின்பக்கம் தைல விளம்பரம் இருக்கும். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் யாராவது மறைந்து நிற்பதும், எங்கிருந்தாவது ஒரு குரல் கேட்பதும், அடுத்த வாரம் வரை காத்திருந்தவர்களுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. ஐந்து பாகங்களையும் பத்து நாளில் விழுங்குகிற நமக்கு அது அலுப்புத் தட்டுவது இயல்பு. அந்த அலுப்பை எழுதும்போது, எந்த வேகத்தில் படித்தோம் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். குடும்ப நாவல்களைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது. கதாநாயகி அழுவதற்கு முன்னால் நம்மை அழவைத்துவிட வேண்டும் என்று அவசரப்படுபவற்றை நான் மூடி வைத்துவிடுகிறேன். உங்களுக்குப் பிடித்திருந்தால் எங்கே பிடித்தது என்று எழுதுங்கள், நான் தெரிந்துகொள்கிறேன்.

இனி உங்கள் மூன்று பக்கங்களுக்கு வருகிறேன்; உண்மையில் பதில் முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலின் கதையைத் தொடக்கம் முதல் இறுதி வரை சொல்லி, “மிகவும் உருக்கமான நாவல்” என்று முடித்திருக்கிறீர்கள். மணப்பாட்டுக் கடற்கரையும் பிலோமியும் அதில் இருக்கிறார்கள், நீங்கள்தான் இல்லை. வல்லம் என்கிற நாட்டுப் படகில் போகிறவர்களுக்கும் லாஞ்சு என்கிற இயந்திரப் படகு வைத்திருப்பவர்களுக்கும் மூளும் பகையைப் படிக்கும்போது, உங்கள் ஆற்றங்கரை வயல்களில் அறுவடை இயந்திரம் முதன்முதலாக இறங்கிய வருஷம் உங்களுக்கு நினைவு வரவில்லையா? வந்திருக்கும், வீட்டுக் கதை என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கதைச் சுருக்கத்தை யாரும் எழுதிவிடலாம்.

இரண்டாவது பக்கம், தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதன’த்தைப் பற்றியது. அதில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “கிழவர் நாடி பார்க்கிற பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் ஆச்சி படுத்திருந்தபோது வைத்தியர் வந்து மணிக்கட்டைப் பிடித்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கையை மெல்லப் போர்வைக்குள் வைத்தார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.” சகோதரி, இதை நான் மூன்று முறை படித்தேன். போர்வைக்குள் கையை வைத்த அந்தச் செயலில் அவர் சொல்ல வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால், நீங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள். ஆச்சியின் கட்டிலிலிருந்து எழுந்து மறுபடி நாவலுக்குள் போயிருக்க வேண்டும். நாடியிலேயே மரணத்தை அறிந்துகொள்கிற, சொந்த மகனின் முடிவையே முன்கூட்டி உணர்ந்துவிடுகிற அந்த வைத்தியர், தெரிந்ததை எப்போது சொல்கிறார், எப்போது விழுங்கிக்கொள்கிறார்? உங்கள் ஊர் வைத்தியர் வாய் திறக்காததைப் பார்த்தவர் என்பதால், இந்தக் கேள்வியைக் கேட்க எங்களையெல்லாம்விட உங்களுக்கு உரிமை அதிகம். வீட்டுக் கதை நாவலுக்குள் போகும் வாசலாக இருக்கும்வரை அதற்குக் கூச்சப்பட வேண்டாம். திரும்பி வராமல் வீட்டிலேயே தங்கிவிட்டால்தான் அது வேறு விஷயம்.

ஊர்ப் பழக்கத்திலும் இதே கவனம் வேண்டும். மதபோதகர் ரேனியஸின் பெயர் கொண்ட பாளையங்கோட்டைத் தெருவைப் பற்றி ‘ரெயினீஸ் ஐயர் தெரு’ என்று ஒரு நாவல் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் படித்த கையோடு நான் அந்தத் தெருவுக்குப் போய் நின்றேன். தெரு தெருவாகத்தான் இருந்தது; ஒரு அம்மாள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார், யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம்மூர்ப் பெயர் வருகிறது என்பதற்காகப் பிடிப்பது ஒன்று, நாவல் பிடிப்பது வேறொன்று.

பாதியில் நின்றுபோன நாவல்களையும் நோட்டில் சேருங்கள்; எந்தப் பக்கத்தில், ஏன் என்று இரண்டு வரி போதும். பேச்சு வழக்கு தடுத்ததா, ஆள்களின் பெயர் குழம்பியதா, கண் வலித்ததா என்பது உங்களுக்குத் தெரிந்தால், ஐந்து வருஷம் கழித்து அதே பக்கத்தில் தொடங்கலாம்.

தார்சாக் கூட்டத்துக்கு ஒரு யோசனை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில், வட்டமான தொட்டிக்கட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடியதால்தான் அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர் வந்தது. அவர் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால், அதை வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாக அனுபவித்துக் கேட்பவர்களையும் அனுபவிக்கவைத்துவிடுவார் என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். 400 பக்க நாவலை அப்படிச் செய்ய முடியாது. அரைப் பக்கத்தைச் செய்யலாம். கதையைச் சொல்லாமல், நீங்கள் நின்ற அந்த அரைப் பக்கத்தை உரக்கப் படியுங்கள், பிறகு ஏன் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். துப்பறியும் நாவலானால் இரண்டாம் அத்தியாயத்துக் குடையைப் படித்துக் காட்டிவிட்டு, யாருக்கு எது உறுத்தியது என்று கேளுங்கள். தமிழாசிரியர்தான் முதலில் கை தூக்குவார் என்பது என் கணிப்பு. வருஷக்கணக்கில் விடைத்தாள் திருத்திய கண் அது.

உங்கள் மூன்று பக்கங்களையும் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது பக்கத்தின் அடியில், “இது என் தாழ்மையான கருத்து, தவறிருந்தால் மன்னிக்கவும்” என்று எழுதியிருந்த வரியை மட்டும் பென்சிலால் அடித்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது, அடுப்படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.