வாசகர் கேள்வி: சிகாகோவின் முதல் வீடு எங்கே?

கேள்வி: மகளைப் பார்க்க சிகாகோ போனபோது ஆற்றுப் பாலத்தருகே ஒரு மார்பளவு வெண்கலச் சிலை பார்த்தேன். ஊரில் முதலில் குடியேறியவரின் வீடு இங்கேதான் இருந்தது என்றார்கள். எவ்வளவு தேடியும் வீட்டைக் காணோமே?

எப்படிக் கிடைக்கும், வீடு மண்ணோடு போய் 180 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது! நீங்கள் நின்ற இடம் பயனியர் கோர்ட். 1790 வாக்கில் அங்கே வீடும் பண்ணையுமாக இருந்தவர் ஜீன் பாப்டிஸ்ட் பாயின்ட் டு சாபிள் என்ற கறுப்பின வணிகர். மனைவி கிட்டிஹாவா, பொட்டவாடமி பழங்குடியைச் சேர்ந்தவர். 1976இல் அமெரிக்க அரசு அந்த இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது, அதாவது கட்டடத்தை அல்ல, அது நின்ற மண்ணை. சிலை வந்தது 2009இல். அதில் தெரியும் முகம் சிற்பியின் கற்பனைதான், டு சாபிளைப் பார்த்து வரைந்த படம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் வீடு எப்படி இருந்தது என்று ஓரளவு தெரியும். 1800இல் அவர் எல்லாவற்றையும் ஜீன் லா லைம் என்பவருக்கு 6,000 லீவ்ருக்கு (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) விற்றார், அந்த விற்பனைப் பத்திரம் பின்னாளில் டெட்ராய்ட் ஆவணங்களுக்குள் கிடைத்தது. வீடு 40 அடிக்கு 22 அடி, அதாவது 880 சதுர அடி, இன்றைய இரண்டு படுக்கையறை ஃப்ளாட் மாதிரி. அப்புறம் இரண்டு களஞ்சியம், குதிரை இழுக்கும் மாவு அரவை, ரொட்டி சுடும் கொட்டகை, பால் பண்ணை, 38 பன்றி, 44 கோழி, கண்ணாடிக் கதவு போட்ட பெரிய வால்நட் அலமாரி வரைக்கும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். காட்டோரம் குடிசை போட்டு ஒண்டியிருந்த ஆள் என்று யாராவது சொன்னால் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். என்னைக் கேட்டால் சிலையைவிட இந்தப் பத்திரம்தான் நல்ல நினைவுச் சின்னம்.

கேள்வி: பழைய படங்களில் அதே வீட்டைக் 'கின்ஸி வீடு' என்று போடுகிறார்களே, ஏன்?

ஜான் கின்ஸி அதே பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டவர். 1804இல் வீட்டைத் தானே வாங்கிக் குடியேறினார். 1812இல் ஒரு கைகலப்பில் லா லைமைக் கொன்றும் விட்டார், அது தனிக் கதை. கின்ஸி வெள்ளையர், குடும்பத்துக்கு ஊரில் செல்வாக்கு. அதனால் வெகுகாலம் அவரையே சிகாகோவின் முதல் குடியேறி என்று கொண்டாடினார்கள், வீட்டைக் கட்டி வாழ்ந்து விற்றுவிட்டுப் போனவர் பின்னுக்குப் போனார். இதை மாற்றியது அரசு அல்ல, கறுப்பினப் பெண்கள். அவர்கள் சங்கம் வைத்து விடாமல் போராடியதால்தான் 1933 உலகக் கண்காட்சியில் டு சாபிள் வீட்டின் மாதிரி ஒன்று நின்றது. 1968இல் அவரை நகரத்தின் நிறுவனர் என்று ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் கடந்த பாலத்துக்கு 2010இல் அவர் பெயர், ஏரிக்கரைச் சாலைக்கு 2021இல்.

கேள்வி: அவர் கல்லறை சிகாகோவில் இருக்கிறதா?

இல்லை. 1818இல் மிசூரி மாநிலத்தின் செயின்ட் சார்லஸில் இறந்தார். அங்கே 1968இல் ஒரு கல் நட்டார்கள், 2002இல் தோண்டிப் பார்த்தபோது அடியில் அவர் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். அடுத்த முறை சிகாகோ போனால் டூசாபிள் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், பெயர்தான் அவருடையது, உள்ளே இருப்பது கறுப்பின மக்களின் வரலாறு.