திருகோணமலையில் கப்பல் நிற்கும் ஆறு மணி நேரம்: நடப்பவர்களுக்கான கேள்வி பதில்

சென்னையில் புறப்படும் சுற்றுலாக் கப்பல் 2023 ஜூனில் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் வரத் தொடங்கிய நாளிலிருந்து, தமிழ்நாட்டு நண்பர்கள் இந்த ஊரைப் பற்றி விசாரித்தபடி இருக்கிறார்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். காலால் நடந்து பார்க்க முடிந்தவற்றைக் கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி (தாம்பரம்): கப்பலிலிருந்து இறங்கி அப்படியே ஊருக்குள் நடக்கலாமா ஐயா?

பதில்: துறைமுக வளாகத்துக்குள் இஷ்டப்படி உலாவ விடமாட்டார்கள். கப்பல் சீனக்குடாப் பக்கம் நின்றால் ஊர் எதிர்க்கரையில் இருக்கும். எப்படியாயினும் ஒரு வண்டி பிடித்து மத்திய பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். பக்கத்திலேயே பத்திரகாளி அம்மன் கோயில். கும்பிட்டுவிட்டுக் கிழக்கே கடற்கரைக்கு நடந்தால் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) குடா. அங்கே இடப்பக்கம் திரும்பிக் கரையோடு போனால் பிரெடரிக் கோட்டை வாசல். கோட்டைக்குள் ஏறுமுகமான சாலை கோணேசர் கோயிலில் முடியும். மெதுவாக நடப்பவருக்கும் போக ஒரு மணி நேரம் தாராளம். கோட்டையில் இன்றும் இராணுவம் இருக்கிறது, ஆனால் கோயிலுக்குப் போகிறவர்களைத் தடுப்பதில்லை. முகாம் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

காலுறை எடுத்து வாருங்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியபின் வெயிலேறிய கல் காலைச் சுட்டுவிடும்.

கேள்வி (மதுரை): கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளி, புறாத்தீவு மூன்றையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

பதில்: நடந்தா? முடியாது. வேன்காரரைக் கேளுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): கடிகாரத்தை மாற்ற வேண்டுமா? விசா எப்படி?

பதில்: இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். விசாவுக்குக் கப்பல் நிறுவனத்தைக் கேளுங்கள்.

கேள்வி (திருச்சி): குழந்தைகளுக்கு மான் பார்க்க ஆசை. எங்கே கிடைக்கும்?

பதில்: தேட வேண்டியதில்லை, கோட்டைக்குள் புள்ளிமான்கள் தாமாகவே எதிரே வரும். சில வேளை கடற்கரைக்கும் இறங்கிவிடும். பிஸ்கட் உறையோடு எதையும் நீட்டாதீர்கள், அவை உறையையும் சேர்த்தே விழுங்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): கோட்டை வாசல் கல்வெட்டில், பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என மூன்று அந்நியர் வந்து ஆள்வார்கள் என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறதாமே?

பதில்: இப்படிக் கேட்டீர்களே, மகிழ்ச்சி. பாதிப் பேர் அந்த வாசலை நின்று பார்க்காமலே கடந்து போகிறார்கள். பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். பெயர் மட்டும் ஓர் ஆங்கிலேய இளவரசருடையது. வாசலில் இரட்டை மீன் செதுக்கிய கல்லைப் பாருங்கள், பாண்டியர் சின்னம். அதையடுத்து உடைந்த தமிழ்க் கல்வெட்டு. குளக்கோட்டன் (கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன்), திருப்பணி, பறங்கி ஆகிய சொற்களின் துண்டுகளை அதில் படிக்கலாம். மூன்று கண்ணர்கள் அந்தக் கல்லில் இல்லை. அவர்கள் ஊர்வாயில் வழங்கும் வெண்பாவில்தான் இருக்கிறார்கள்.

கேள்வி (மட்டக்களப்பு): நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டைப் பொய் என்கிறீர்களா அண்ணன்? கல் பாதி உடைந்தது. மிச்சம் உடைந்த பாகத்தில் இருந்திருக்கும்.

பதில்: பொய் என்று நான் சொல்லவில்லை. இருந்திருக்கலாம் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. பறங்கியர் இத்தீவுக்கு வந்தது 1505இல். 'பறங்கி' என்று வெட்டியவன் அவர்களைப் பார்த்தோ கேள்விப்பட்டோ வெட்டியிருப்பான் என்று எண்ணுவதுதான் எளிது. மூன்று ஆட்சியும் வந்து போனபின் பாடுவதற்கு ஞானதிருஷ்டி தேவையில்லை.

கேள்வி (சேலம்): கோயிலுக்கு அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு போகலாமா?

பதில்: முழங்கால் மூட வேண்டும். வேட்டி உத்தமம். காலுறை.

கேள்வி (யாழ்ப்பாணம்): மட்டக்களப்பு அன்பருக்கு ஆதரவாக ஒன்று. பதினேழாம் நூற்றாண்டுப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவெய்ரோஸ் அந்தத் தீர்க்கதரிசனத்தைக் குறித்து வைத்திருக்கிறாரே. அதுவும் ஊர்க்கதையா?

பதில்: நல்ல அடி. ஆம், எழுதியிருக்கிறார். பறங்கியர் இடிப்பார்கள், திரும்பக் கட்ட இத்தீவில் அரசன் இருக்கமாட்டான் என்பது அதன் சாரம். ஆகவே தீர்க்கதரிசனப் பேச்சு ஆங்கிலேயர் காலத்துக்கு வெகு முன்பே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கவனியுங்கள், அவர் சொல்வது பறங்கியரை மட்டும். மூன்று கண்ணர்களை அவரிடமும் காணோம். அரசன் இல்லாத குறையும் பெரிதாகத் தெரியவில்லை. 1950இல் கிணறு தோண்டும்போது சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் கிடைத்தன. ஊர்ச் சனங்களே கோயிலைக் கட்டி 1963இல் குடமுழுக்குச் செய்தார்கள்.

கேள்வி (மட்டக்களப்பு, மறுபடியும்): அப்படியானால் வெண்பாவை யார் பாடியது?

பதில்: பெயர் சொல்லிக் கையெழுத்து வைக்காத ஒருவர். அடுத்த முறை வாருங்கள், வாசலில் நின்றே சண்டை போடுவோம்.

கேள்வி (வேலூர்): கோயிலுக்குள் செல்ஃபி எடுக்கலாமா? அரைக்கால்சட்டை பரவாயில்லையா?

பதில்: இரண்டுக்கும் இல்லை. சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படித்திருக்கலாம்.

கேள்வி (புதுச்சேரி): எத்தனை மணிக்குக் கோயிலில் இருப்பது நல்லது? அம்மாவுக்கு எழுபது வயது.

பதில்: காலையிலேயே. நண்பகலில் நடை சாத்தி, மாலையில்தான் திறப்பார்கள். அம்மாவை ஆட்டோவில் மேலே அனுப்புங்கள், கோயில் வாசல்வரை போகும். நீங்கள் நடந்து வாருங்கள். கீழே வரும்போது 'இராவணன் வெட்டு' என்னும் பாறைப் பிளவை எட்டிப் பார்க்கலாம், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று. அம்மாவுக்கும் ஒரு சோடி காலுறை.

கேள்வி (ஈரோடு): சாப்பாடு?

பதில்: பஸ் நிலையத்தைச் சுற்றிச் சைவக் கடைகள் உண்டு. இடியப்பமும் சொதியும் இருந்தால் விடாதீர்கள். இந்திய ரூபாயை நீட்டாமல், முதலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): கப்பல் சீனக்குடாவில் நின்றால் நடந்தே ஊருக்கு...

பதில்: முதல் பதில்.