இரட்டையர் ஆட்டத்தை நம்பி நெதர்லாந்தில் வாழ முடியுமா?

அன்புள்ள தங்கைக்கு,

கோவையில் ஐந்து ஆண்டுகள் ஷட்டில் பயிற்சி பெற்ற உங்கள் 13 வயது மகள், ஐந்தோவனுக்கு வந்த நான்கே மாதங்களில் கிளப்பின் இளையோர் அணியில் இரட்டையர் ஆட்டம் ஆடுகிறாள் என்றும், அவளை வட்டாரத் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று பயிற்சியாளர் சொன்ன நாள் முதல் வீட்டில் அதே பேச்சாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இரட்டையர் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு இங்கே ஒரு பெண் வாழ முடியுமா, ஆட்டம் முடிந்த பிறகு ஊரில் கிடைப்பதுபோல் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் இருப்பவள், என் மகளை எட்டு ஆண்டுகள் ஊர் ஊராக ஆட்டங்களுக்கு அழைத்துச் சென்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது: கிடைக்காது. நம் நாட்டில் ரயில்வேயும் வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு, ஆடும் காலத்திலும் சம்பளம் கொடுத்து, ஆட்டம் ஓய்ந்த பின் மேசை வேலையும் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அப்படியொரு வழக்கம் இங்கே இல்லை. முப்பது வயதில் ராக்கெட்டைக் கீழே வைக்கும் ஒருவர், தம் கையில் உள்ள பட்டத்தையும் தமக்குத் தெரிந்த தொழிலையும் வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் மற்றவர்கள் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறார்.

முதல் கேள்விக்கு விடை சொல்ல, செலேனா பீக் என்ற டச்சு ஆட்டக்காரரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். 1991-இல் பிறந்தவர். பெண்கள் இரட்டையரில் அவருக்கு நெடுங்காலம் இணையாக ஆடிய ஏஃப்யெ மஸ்கென்ஸ், உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய நியூனனில் 1989-இல் பிறந்தவர். 2015-இல் கனடா ஓப்பன் இறுதி ஆட்டத்தில் இந்த இணை நம் ஜுவாலா கட்டா, அஷ்வினி பொன்னப்பா இணையிடம் 19-21, 16-21 என்று நேர் ஆட்டங்களில் தோற்றது. அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், பதினாறு இணைகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டபோது, இந்த இரண்டு இணைகளும் ஒரே பிரிவில் வந்து சேர்ந்தன. அன்று 21-16, 16-21, 21-17 என்று வென்றவர்கள் டச்சுப் பெண்கள். எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் எங்கள் வீட்டில் மூவரும் மூன்று விதமாக உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. டச்சு இணை காலிறுதிக்குச் சென்று, பின்னர் வெண்கலம் வென்ற கொரியாவின் ஜங் கியுங்-உன், ஷின் சியுங்-சான் இணையிடம் மூன்று ஆட்டங்கள் போராடித் தோற்றார்கள்.

ஒலிம்பிக் காலிறுதியின் எட்டு இணைகளில் ஒன்றாக நின்ற அந்த உயரத்துக்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. மஸ்கென்ஸ் ஆட்டத்திலிருந்து விலகினார். பீக் ஷெரில் சைனனுடன் புதிதாகத் தொடங்கினார். ஒற்றையரில் ஆடுபவரின் தரவரிசை அவருடைய சொத்து. இரட்டையரிலோ தரவரிசை இணையின் பெயரில் இருக்கிறது. கடந்த 52 வாரங்களில் அந்த இணை பெற்ற சிறந்த பத்து முடிவுகளைக் கூட்டித்தான் இடம் குறிக்கப்படுகிறது என்பதால், இணை மாறினால் மீண்டும் கீழிருந்து புள்ளி சேர்க்க வேண்டும். அதாவது, காலை மடக்கிக்கொண்டு விழுவது மற்றவராக இருந்தாலும் ஏணியிலிருந்து இறங்குவது இருவரும்தான். பீக் கலப்பு இரட்டையரில் ரொபின் தாபெலிங்குடனும் சேர்ந்து ஆடி, டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு பிரிவுகளிலும் களமிறங்கினார். இரண்டு இணைகள் என்றால் இரண்டு மடங்கு பயிற்சி, ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள், இரண்டு மனிதர்களின் குணத்தோடு ஒத்துப்போதல். அதைப் பல ஆண்டுகள் செய்தவர் என்பதற்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

இணை என்பது என்ன என்பதை நான் அல்மேரேயில் ஒரு முறை நேரில் பார்த்தேன். அங்கே நடந்த டச்சு ஓப்பனில் தன்னார்வலராகத் துண்டும் தண்ணீரும் எடுத்துவைக்கும் வேலை எனக்கு. முதல் சுற்றிலேயே தோற்றுவிட்ட இரண்டு பெண்கள் அரங்கின் பின்புறப் பலகையில் வந்து உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் இருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருத்தி, மற்றவளின் ராக்கெட்டை எடுத்து, வியர்வையில் ஊறி வழுக்கிய கிரிப்பைச் சுருள் சுருளாகப் பிரித்தெடுத்துவிட்டு, தன் பையிலிருந்து புதியதை எடுத்து, அடியிலிருந்து மேல்வரை இழுத்து இழுத்துச் சுற்றி, நுனியில் நாடா ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். மற்றவள் அதை வாங்கி ஒரு முறை பிடித்துப் பார்த்துத் தலையசைத்தாள். மாலையில் அவர்கள் அடுத்த போட்டிக்கு ரயிலேறினார்கள்.

இனிப் பணம். 2019-இல் சூப்பர் 300 என்ற நிலையில் நடந்த சர்வதேசப் போட்டி ஒன்றின் மொத்தப் பரிசு 1,50,000 டாலர்; அதில் வெல்லும் இரட்டையர் இணைக்கு 7.9 விழுக்காடு, அதாவது 11,850 டாலர். இருவரும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 5,925. அதிலும் வரி போகும். அதே போட்டியில் ஒற்றையரில் வெல்பவர் 11,250 டாலரைத் தனியாக எடுத்துச் செல்கிறார். அதுவும் வென்றால்தான், முதல் சுற்றில் தோற்றால் விமானச் சீட்டுக் காசுகூட வராது. ஆகவே இங்குள்ள ஆட்டக்காரர்கள் பல ஓடைகளை ஒன்றாகத் திருப்பித்தான் வாழ்கிறார்கள். உலக அளவில் முதல் எட்டு இடங்களுக்குள் வருபவர்களுக்கு ஒலிம்பிக் சங்கம் தரும் உயர்ந்த தகுதிநிலை ஒன்று உண்டு; அதை எட்டியவர் தம் வருமானத்தைப் பொறுத்து மாதாந்திர உதவித்தொகை பெறலாம். அதற்குக் கீழே இருப்பவர்கள் எல்லை தாண்டி ஜெர்மனியின் பூண்டஸ்லீகா என்ற லீக்கில் உள்ள கிளப்புகளுக்கு வார இறுதிகளில் ஆடி ஊதியம் பெறுகிறார்கள்; வார நாட்களில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்; ராக்கெட் நிறுவனம் ஒன்று துணிமணியும் கருவியும் கொடுத்தால் மகிழ்கிறார்கள். வாழலாம், தங்கை. ஆனால் சேமித்து வீடு வாங்கும் வாழ்க்கை அல்ல அது.

அங்கே போய்ச் சேரும் பாதை ஒழுங்காகவே அமைந்திருக்கிறது. கிளப் ஆட்டங்களில் வழக்கமாக இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் கொண்ட ஓர் அணி எட்டு ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் நான்கு ஒற்றையர், நான்கு இரட்டையர். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஒற்றையர், ஓர் இரட்டையர், ஒரு கலப்பு இரட்டையர் ஆடியாக வேண்டும். சிறு வயதிலிருந்தே பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு ஆடிப் பழகுவதால்தான், இந்தச் சின்ன நாடு ஒற்றையரைவிட இரட்டையரில் உலகத்துக்கு முகம் காட்டுகிறது என்பது என் எண்ணம். வட்டாரத் தேர்வில் நிலைத்தால் திறனாளர் தகுதி கிடைக்கும். அந்தத் தகுதி இருந்தால், விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடவேளையைத் தளர்த்தித் தரும் உரிமம் பெற்ற பள்ளிகளில் இடம் கேட்கலாம். அதற்கும் மேலே ஆர்ன்ஹெம் அருகிலுள்ள பாப்பெண்டால். தேசிய அணி அங்கேதான் பயிற்சி செய்கிறது, தங்குவதும் படிப்பதும் ஆடுவதும் ஒரே வளாகத்தைச் சுற்றி நடக்கின்றன. மேலே ஏற ஏற ஆட்கள் சுருங்கிவிடுவார்கள். அந்த வயதில், அந்த உயரத்தில், உங்கள் மகளுக்குப் பொருந்தும் இணையாக நாடு முழுவதும் நான்கைந்து பெண்கள் இருந்தாலே அதிகம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் இந்த நாட்டுக்காக ஆட இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வாழ்ந்த பின் விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் அவள் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க நேரும். வெளியிலிருந்து வந்தவர்களை இந்த ஆட்டம் தள்ளிவைத்ததில்லை. இந்தோனேசியாவுக்காக 1996-இல் ஒலிம்பிக் வெள்ளி வென்ற மியா அவுதினா, திருமணமாகி இங்கே வந்து, 2004-இல் ஏதென்ஸில் நெதர்லாந்துக்காக ஒற்றையர் வெள்ளி வென்றார். லோட்டே ப்ரைலுடன் இரட்டையரிலும் ஆடினார். சீனாவில் பிறந்த யாவ் ஜியேயும் அவரும் இருந்த பெண்கள் அணிதான் பெண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான ஊபர் கோப்பையில் 2006-இல் இறுதிவரை சென்று சீனாவிடம் தோற்றது.

என் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதினைந்தாம் வயதில் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. மூன்று மாதம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அந்த மூன்று மாதத்தில் அவளுடைய இணைக்கு வேறொரு பெண்ணை அமர்த்திவிட்டு, எங்களுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் மட்டும் அனுப்பினார்கள். அவர்கள் செய்ததில் விதிமீறல் எதுவும் இல்லை, ஆனால் ஒரு பிள்ளையை உட்காரவைத்து முகம் பார்த்துச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அவள் மருந்தாக்கியல் படித்து இப்போது உட்ரெக்டில் வேலை செய்கிறாள். வியாழக்கிழமைகளில் கிளப்பில் ஆடுகிறாள்.

ஆகவே தேர்வுப் பயிற்சிக்கு உங்கள் மகளை அனுப்புங்கள், தயங்காதீர்கள். ஆனால் இங்கே பிள்ளைகளைப் படிப்பு நிலை வாரியாகப் பிரிக்கிறார்கள்; ஆட்டத்துக்காக அவளுடைய நிலையைக் கீழே இறக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மொழி பிடிபடாத முதல் ஆண்டில் அப்படிச் சொல்ல ஆட்கள் இருப்பார்கள். இப்போது அவளோடு ஆடும் பெண்ணின் வீட்டாரை ஒருநாள் காப்பிக்கு அழையுங்கள். வெளியூர் ஆட்டங்களுக்குப் பெற்றோர் முறை வைத்துக் கார் ஓட்டும் பட்டியலில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். அந்தக் காரின் பின் இருக்கையில்தான் இரண்டு பிள்ளைகள் இணையாகிறார்கள். அவள் இதுவரை நைலான் காக்கில்தான் ஆடியிருக்கிறாள் என்றால், இறகுக் காக்கின் வேகம் முதலில் கையைக் குழப்பும். வருகிற ஞாயிறு காலை ஒன்பதரைக்கு எங்கள் அரங்குக்கு இருவரையும் கூட்டி வாருங்கள். தரையில் கறை படியாத அடிப்பாகம் உள்ள காலணி கட்டாயம்; காக் நான் கொண்டுவருகிறேன்.